ஊரே அழுத வசனம்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் அண்ணி எதுவும் சொல்லமாட்டார். செருப்பை மாட்டுவார், பையைத் தோளில் போடுவார், படியிறங்கும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான். முக்குக் கடைக்குப் போனாலும் சரி, மூன்று நாள் வேலையாக வெளியூர் போனாலும் சரி. தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனால், பேச்சு முடிந்ததும் சட்டென்று எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். பின்னாலேயே நான்தான் "வர்றோங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவர வேண்டும். "உங்க அண்ணிக்கு என்னம்மா இவ்வளவு ராங்கி?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நான் சிரித்து மழுப்பிவிடுவேன். ஃபோனில்கூட "வெச்சுடறேன்" என்று ஒரே வார்த்தை. அது முடிவதற்குள் வைத்துவிடுவார்.

பதிமூன்று வருஷமாக இதைப் பார்க்கிறேன். அதற்கு முன் அவர் அப்படி இல்லை. மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனால்கூட, "பாப்பா, மேல போயிட்டு வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

பதிமூன்று வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் அண்ணன் வேலைக்குக் கிளம்பினான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வரேன். கதவைச் சாத்திக்கோ" என்றான். தினமும் சொல்வதுதான். தினமும் சொல்கிற அதே குரல்தான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அண்ணி கதவைச் சாத்தினார். அவன் வரவில்லை.

நான் 'வாங்க, போங்க' என்று கூப்பிட்டு வளர்ந்த அண்ணன். எழுதும்போது 'அவன்' என்றுதான் வருகிறது. இருக்கட்டும்.

அண்ணியும் நானும் ஏழு மாதம் தேடினோம். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் விழுந்தது என்று காதில் பட்டாலும் ஓடினோம். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பிணவறை. பிணவறையில் துணியை விலக்கிக் காட்டுவார்கள். அண்ணி என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, தான் மட்டும் பார்ப்பார். "இல்ல" என்பார். சொல்லிவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டதற்காக வெட்கப்பட்டவர் மாதிரி குனிந்துகொண்டு வெளியே வருவார். அங்கே படுத்திருப்பதும் யாரோ ஒருத்தி தேடுகிற ஆள்தானே.

ஏழாம் மாதம், அவனோடு வேலை பார்த்த ஒருவர் மனசு கேட்காமல் வந்து உண்மையைச் சொன்னார். இரண்டு ஊர் தள்ளி, வேறொரு பெண்ணோடு குடித்தனம். ஐயா உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் அங்கே லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். அவன் எண்ணை அந்த மனிதர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். அண்ணி வாங்கவில்லை. நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அண்ணி அழவில்லை. ஆனால் கிளம்பும்போது சொல்கிற அந்த வார்த்தை அன்றோடு அவர் வாயிலிருந்து போய்விட்டது.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிறதைத் திருப்பிப் போட்டு, விட்டுப்போன தையல் எங்கே, நூல் பிசிறு எங்கே, கோணிப்போன பட்டன் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும். எனக்குப் பேச்சு வராது, கண் நன்றாகத் தெரியும். அண்ணன் போன பிறகும் அண்ணியோடுதான் இருக்கிறேன். எனக்கும் போக்கிடம் இல்லை, அவருக்கும் என்னைப் போகச் சொல்ல வாய் வரவில்லை. சாதாரணமாக "பாப்பா" என்பார். கோபம் வந்தால் "என்ன நாத்தனாரே" என்பார்.

அண்ணியின் பிழைப்பு குரல். வேற்றுமொழிப் படங்களைத் தமிழில் பேச வைக்கிற டப்பிங் கூடம் ஒன்றில் இருபது வருஷமாக வேலை. கதாநாயகிக்கெல்லாம் அவர் பேசியதில்லை. படத்தில் யாருக்குப் பேச்சே கிடையாதோ அவர்களுக்குத்தான் அண்ணி. கைக்குழந்தை அழுவது, கூட்டத்தில் பெண்கள் அலறுவது, ரயில் வருகிற அறிவிப்பு, பேய் மூச்சு. "முந்நூறு கொழந்தை அழுதிருக்கேன், ஒண்ணைக்கூடப் பெத்துக்கல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூட யாராவது சிரித்தால் நிறுத்திவிடுவார்.

வளையல் போடமாட்டார், மொடமொடக்கிற புடவை கட்டமாட்டார். மைக்குக்குக் காது அதிகம் என்பார். வேலை நாளில் வயிறு கத்தாமல் இருக்க இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுப் போவார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரை அவர் குரலை யாரும் அவர் குரல் என்று தெரிந்து கேட்டதில்லை.

அப்போதுதான் அந்த ரோபோ படம் வந்தது. வரைந்த படம், உயிருள்ள நடிகர் யாரும் கிடையாது. கூடத்தில் பேர் தெரிந்த குரல்காரர்கள் எல்லாம் மனிதப் பாத்திரங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரோபோ மீந்தது. ஒலிப்பதிவு செய்கிறவரை அங்கே எல்லோரும் 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அண்ணியைக் கூப்பிட்டார்.

"அக்கா, ரோபோவ நீங்க பண்ணிடுங்க. யார் பண்ணாலும் ஒண்ணுதான், எப்படியும் மெஷின்ல போட்டுக் குரலை மாத்திடுவோம்."

"அப்ப நான் எதுக்கு? மெஷினையே பேசச் சொல்லு."

"கோச்சுக்காதீங்கக்கா. ஒரே ஒரு விஷயம், உணர்ச்சி மட்டும் வேணாம். காய்கறி லிஸ்ட் படிக்கிற மாதிரி படிங்க."

இதை அண்ணி வீட்டில் வந்து சொல்லிக் காட்டினார். உணர்ச்சி வேண்டாம் என்று ஒருத்தர் கூலி கொடுப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

படம் வெளியான முதல் ஞாயிறு, கூடத்து ஆட்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தார்கள். அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூட்டமென்றால் எனக்கு ஆகாது. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அண்ணி.

கதை இதுதான். ஓயாமல் மண்புயல் அடிக்கிற ஏதோ ஒரு கிரகம். அங்கே மனிதர்கள் காலி செய்துவிட்டுப் போன நிலையத்தில் ஒரு பெண் குழந்தை மட்டும் விடுபட்டுப்போகிறது. அதை வளர்ப்பது மூட்டை முடிச்சுகளை எடை போட்டு ஏற்றி இறக்குவதற்காகச் செய்த ஒரு ரோபோ. சதுரமாக இருப்பதால் குழந்தை அதைப் 'பெட்டி' என்று கூப்பிடும். பெட்டிக்கு முகம் கிடையாது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு விளக்கு. வாயும் கிடையாது. அதனால் உதட்டசைவுக்குப் பொருந்துகிற வார்த்தையாகத் தேடித் தவிக்க வேண்டியதில்லை, எதைப் பேசினாலும் ஒட்டிக்கொள்ளும் என்று அண்ணி சொல்லியிருந்தார்.

பெட்டிக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மூட்டை. அதனால் தினமும் காலையில் குழந்தையைத் தூக்கித் தட்டில் வைத்து எடை போடும். "எடை கூடியுள்ளது. பொருள் சேதமில்லை" என்று சொல்லி ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். குழந்தை அந்தச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டி வைக்கும். வருஷங்கள் போய்ச் சுவர் முழுக்கச் சீட்டாகிவிடும். அந்தச் சுவரைக் காட்டியபோது எனக்கே அழுகை வந்தது. பெட்டி வெறும் நான்கு கோடு, ஒரு வட்டம். கோட்டுக்குப் போய் எப்படி மனசு இளகுகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த விளக்கு சற்று மங்கினால் பெட்டிக்குக் கவலை என்று புரிகிறது, பிரகாசமானால் சந்தோஷம். முகம் இருந்திருந்தால் இவ்வளவு புரிந்திருக்காது.

கடைசியில் குழந்தையைக் கூட்டிப் போக ஒரு விண்கப்பல் வருகிறது. கப்பலைத் தரையோடு பிடித்திருக்கிற கொக்கி சிக்கிக்கொள்கிறது. வெளியே போய்ப் புயலில் நின்று யாராவது கழற்ற வேண்டும். கழற்றினால் கப்பல் கிளம்பிவிடும், கழற்றியவர் திரும்ப ஏற முடியாது. குழந்தைக்கு இது தெரியாது, பெட்டிக்குத் தெரியும். பெட்டி கதவருகே போய் நிற்கிறது. திரும்பிப் பார்க்கிறது.

"போயிட்டு வரேன். கதவைச் சாத்திக்கோ."

குழந்தை தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறது. பிறகு கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. புழுதிக்குள் வட்ட விளக்கு சின்னதாகி, சின்னதாகி, இல்லாமல் போகிறது.

கொட்டகை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். முன் வரிசையில் மீசை வைத்த ஒரு பெரிய மனிதர் தோள் குலுங்கக் குலுங்க அழுதார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. மெஷினில் போட்டுக் குரலை மாற்றியிருந்தாலும், அந்த ஏற்ற இறக்கமில்லாத சொல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், சவுண்டு கை காட்ட, கண்ணெல்லாம் சிவந்த ஒரு பெண்மணி அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு அன்பும்மா அந்தக் குரல்ல! தாய்ப்பாசம்னா அதான்." அண்ணி கையை மெதுவாக உருவிக்கொண்டார். சவுண்டு அங்கேயே நின்றுகொண்டு எல்லோரிடமும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதிக் குடுத்தது என்ன தெரியுமா? 'நான் போகிறேன். எனக்காகக் காத்திருக்காதே.' அக்கா மொத டேக்லயே மாத்திச் சொல்லிட்டாங்க. தப்புன்னு நிறுத்தப் போனேன். கை போகலீங்க. நம்ம ஜனம் எங்கயாவது 'போறேன்'னு சொல்லுமா? அப்படியே விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு வந்த அண்ணியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணி, அது…"

"ஆமா."

"அண்ணன் அன்னிக்கு…"

"ஆமான்னு சொல்றேன்ல."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"காகிதத்துல 'காத்திருக்காதே'ன்னு இருந்துச்சு பாப்பா. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. விட்டுட்டுப் போறவன் எவன் 'காத்திருக்காதே'ன்னு சொல்லிட்டுப் போறான்? அப்படிச் சொல்ற யோக்கியன் எந்த ஊர்ல இருக்கான்? ஒரு மூட்டை தூக்கற மெஷினுக்கு இருக்கற நேர்மைகூட உன் அண்ணனுக்கு இல்லாமப் போச்சேன்னு நினைச்சேன். பேசச் சொல்லி லைட்டு எரிஞ்சுது, வாயத் தொறந்தா அவர் சொன்னதுதான் வந்துச்சு. அவர் சொன்ன மாதிரியே."

"எல்லாரும் அதை அன்புன்னு அழறாங்க அண்ணி."

"அழட்டும். அவங்க கண்ணு, அவங்க தண்ணி."

அதோடு முடிந்திருந்தால் தேவலை. அந்த வசனம் ஊரில் காய்ச்சல் மாதிரி பரவியது. எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்தால் பெண்கள் ஒருத்திக்கொருத்தி மூக்கால் பேசி, "போயிட்டு வரேன். கதவைச் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னார். அடுத்த மாதம் பெட்டி பொம்மை வந்தது. வட்ட விளக்கை அழுத்தினால் பேசும். பக்கத்து வீட்டில் நாலு வயசுக் குழந்தைக்கு அதை வாங்கிக் கொடுத்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். காலையில் எழுந்ததும் தொடங்கும். போயிட்டு வரேன், கதவைச் சாத்திக்கோ. சாப்பாட்டு நேரத்தில், துணி துவைக்கும்போது, தலை வாரும்போது. என் அண்ணன் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனதை அந்தச் சுவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னது. அதுவும் அண்ணியின் குரலிலேயே.

"போய் அந்த பேட்டரியைக் கழட்டிக் குடுங்கன்னு கேக்கட்டுமா அண்ணி?"

"கொழந்தை என்ன பண்ணும்? விடு."

விடு என்றுதான் சொன்னார். ஆனால் அரிவாள்மனையில் வெங்காயம் விழுகிற வேகத்தில் எனக்குத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை, படத்தை வெளியிட்ட கம்பெனிக்காரர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் விழா வைத்தார்கள். மேடையில் ஆள் உயரப் பெட்டி பொம்மை. அதன் பின்னால் ஒரு மைக். அண்ணி மறைந்து நின்று பேச வேண்டும், பிறகு வெளியே வந்து பிள்ளைகளுக்குக் கை கொடுக்க வேண்டும். நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். அண்ணி வசனத்தைச் சொன்னார். வாத்தியாரம்மாக்கள் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணி வெளியே வந்ததும், முன்வரிசையில் பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, பெட்டி எப்ப வரும்?"

"வராது."

"போயிட்டு வரேன்னு சொல்லிச்சே?"

"சொல்லிச்சு. ஏமாத்திட்டுப் போச்சு. இனிமே வராது கண்ணு. நீ வேற வேலையைப் பாரு."

சிறுமியின் உதடு பிதுங்கியது. ஒன்று அழுதால் எல்லாம் அழும். கூடம் முழுக்க ஓலம். கம்பெனிக்காரர் மேடைக்கு ஓடிவந்தார்.

"என்னக்கா இது, பச்சைப் புள்ளைங்ககிட்டப் போய்!"

"பின்ன? ஏழு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?" என்றார் அண்ணி. பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் எனக்கே புதிது. இவர் இப்படி வெந்துகொண்டிருக்க, அங்கே அவன் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருக்கிறானே. அந்தத் துண்டுச் சீட்டு எண் என் ஃபோனில் பதினொரு வருஷமாக இருந்தது. ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து மெசேஜ் தட்டினேன். "பெட்டி படம் போய்ப் பாருங்க. அண்ணி குரல். கடைசி வரைக்கும் எந்திரிக்காம உக்காந்து பாருங்க." அனுப்பிவிட்டேன். அவன் வெட்கத்தில் செத்துப்போக வேண்டும் என்று நினைத்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, முற்பகல் பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். தலைக்கு மை போட்டுக்கொண்டு, தொப்பையோடு அண்ணன் நின்றான்.

"பாப்பா! எப்படிடா இருக்க?"

விலகி நின்றேனா, அவனே ஒதுக்கிக்கொண்டு வந்தானா தெரியாது. உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அண்ணி தரையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த பீன்ஸை எடுத்தார்.

"படம் பாத்தேன்" என்றான். "நாலு தடவை."

அண்ணி பீன்ஸின் நாரை உரித்தார்.

"மொத தடவை அந்த எடம் வந்தப்ப என்னால உக்கார முடியல. நான் சொன்னது. அப்படியே, நான் சொன்ன மாதிரியே." அவன் கண் நிறைந்தது. நிஜமாகவே நிறைந்தது, நடிப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "பதினோரு வருஷமா அந்த வார்த்தையைப் பத்திரமா வெச்சிருந்திருக்க. எவ்வளவு பெரிய மனசு உனக்கு! நேர்ல சொல்ல வழியில்லாம ஊரறியச் சொல்லியிருக்க, மன்னிச்சுட்டேன்னு. எனக்குப் புரிஞ்சுது."

"என் குரல்னு யாரு சொன்னா?"

"பாப்பாதான். மெசேஜ் போட்டா."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி. எதுக்கு வந்தீங்க?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தான். கொஞ்சம் நெளிந்தான்.

"மூத்தவளுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை எட்டு முடியுது. பெட்டின்னா அவளுக்கு உசுரு. 'அப்பாவுக்குத் தெரிஞ்சவங்கதான் பெட்டி'ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னியிலேருந்து ஒரே நச்சரிப்பு. அந்தக் குரல்ல ஒரு வாழ்த்து… அவ பேரைச் சொல்லி… ரெண்டு வரி போதும்."

திட்டுவதற்கு எவ்வளவோ வார்த்தை எனக்குத் தெரியும், கம்பெனியில் தினமும் கேட்கிறேன். ஒன்றும் வரவில்லை.

அண்ணி கத்தியைத் தட்டில் வைத்தார்.

"பல்பு எங்க?"

"என்ன?"

"பாத்ரூம் பல்பு. நீங்க போன அன்னிக்கு ஃப்யூஸ் போயிருந்துச்சு. 'வரும்போது வாங்கிட்டு வரேன்'னீங்க. கொண்டாங்க."

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். "நீ மாறவே இல்ல, போ."

"ஃபோனைக் குடுங்க."

சந்தோஷமாகக் கொடுத்தான். பதிகிற பொத்தானைக்கூட அவனே அழுத்திக் கொடுத்தான். அண்ணி கையைப் புடவையில் துடைத்துவிட்டு, நிமிர்ந்து, மைக் முன்னால் உட்காருவது போல உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பெட்டியின் குரல் வந்தது.

"முதல் நாள். தெருமுனை ஆஸ்பத்திரி. இல்லை. மூன்றாம் நாள். பெரிய ஆஸ்பத்திரி, எலும்பு முறிவுப் பிரிவு. முப்பது கட்டில். இல்லை. ஒன்பதாம் நாள். போலீஸ் ஸ்டேஷன். வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள். இல்லை. பதினான்காம் நாள். பிணவறை. உயரம் குறைவு. இல்லை. இருபத்திரண்டாம் நாள். பிணவறை. வலது கையில் தழும்பு காணோம். இல்லை."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"நாற்பதாம் நாள். பிணவறை. முகம் இல்லை. கால் விரலைப் பார்த்தேன். இல்லை. அறுபத்தெட்டாம் நாள். நாத்தனாருக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். ஆற்றிலிருந்து எடுத்தது. ஒரு மணி நேரம் பார்த்தேன். இல்லை."

இது எனக்குத் தெரியாது. அன்றைக்கு மாவரைக்கப் போனதாகச் சொல்லியிருந்தார்.

"நிறுத்து" என்றான் அண்ணன். அவர் நிறுத்தவில்லை. ஒரே அளவில், ஒரே வேகத்தில், காய்கறி லிஸ்ட் படிப்பது போலப் போய்க்கொண்டே இருந்தது. எந்த நாள், எந்த இடம், துணியை விலக்கியவர் என்ன சொன்னார். ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை. பீன்ஸ் தட்டில் ஈ உட்கார்ந்தது. நான் ஓட்டவில்லை.

"இருநூற்றுப் பதினோராம் நாள். தகவல் வந்தது. பொருள் சேதமில்லை."

கண்ணைத் திறந்து ஃபோனை நீட்டினார்.

"இது உங்களுக்கு. பொண்ணுக்கு இல்ல. அவளுக்குப் போட்டுக் காட்டினீங்கன்னா அந்தப் பாவமும் உங்களுக்குத்தான்."

அவனுக்கு வாங்கக் கை வரவில்லை. "அப்ப படத்துல சொன்னது… அது கோவத்துலயா?"

"ஆமா."

"ஊரே அழுதுச்சே."

"ஊருக்கு என்ன தெரியும்? விவரம் தெரியாத ஜனம், பாவம். நீங்க கூடவா? அதைச் சொன்னவரே நீங்கதானே! பொய்னு தெரிஞ்சேதானே சொன்னீங்க? அதைக் கேட்டு உங்களுக்குக் கண்ணுல தண்ணி வருது. ஒரு பெட்டி போனதுக்கு வருது." இவ்வளவு நேரம் உட்கார்ந்தே பேசியவர் இப்போது எழுந்துவிட்டார். "எந்திரிங்க மொதல்ல. அது என் நாற்காலி."

எழுந்தான். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் ஆட்கள் நிற்பார்களே, மேலேயும் பார்க்காமல் கீழேயும் பார்க்காமல், அப்படிக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஃபோனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனான்.

அண்ணி தரையில் உட்கார்ந்து கத்தியை எடுத்தார். எடுத்துவிட்டுக் கீழே போட்டார்.

"என்ன நாத்தனாரே. என் கோவத்தைத் தபால்ல போடச் சொல்லி நான் உன்கிட்டக் கேட்டேனா?"

"அவன் வெக்கப்படுவான்னு நினைச்சேன் அண்ணி."

"வெக்கமா? சந்தோஷம்ல பட்டுட்டு வந்தாரு, நாலு தடவை டிக்கெட் எடுத்து. என் கோவம் என்கிட்ட இருந்தவரைக்கும் கோவமாத்தான் இருந்துச்சு. நீ அனுப்பி வெச்சு அதை அவருக்குப் பாராட்டுப் பத்திரம் ஆக்கிட்ட."

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைப்பார். நியாயம்தான்.

இந்த வருஷம் படத்தின் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. அதில் பெட்டி திரும்பி வருகிறதாம், புழுதியெல்லாம் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தேடி. சவுண்டு வீட்டுக்கே வந்து கெஞ்சினார். "அக்கா, சந்தோஷமான படம்க்கா. பெட்டி வந்துடுது."

"வந்தா வரட்டும் தம்பி. என் வாயால வராது" என்றுவிட்டார் அண்ணி.

பெட்டிக்கு இப்போது வேறொரு பெண் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அண்ணி அதே கூடத்தில், பழையபடி கைக்குழந்தைகளுக்கும் கூட்டத்துக்கும் போகிறார். அண்ணன் அதற்குப் பிறகு வரவில்லை. அவன் எண்ணை நான் அழித்துவிட்டேன். அண்ணி என்னோடு பேசுகிறார். அவருடைய கோபம் தீரவில்லை, என்னுடையதும் தீரவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.